சேற்றிலிருந்து சட்டிக்கு

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் பரவைக்கடலின் (யாழ்ப்பாணக் கடல்நீரேரியின்) அடியில் படியும் அடையலைப் பற்றி எழுதியபோது, "சேற்றில் இருக்கும் நஞ்சின் அளவை மட்டும் கொண்டு மீனில் இருக்கும் அளவைச் சொல்லிவிட முடியாது" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். இம்முறை வந்த கடிதங்களிற் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவை. ஆகையால் இந்தப் பக்கங்கள் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். கணக்குகளுக்கு நான் எடுத்துக்கொண்ட எண்கள் விளக்கத்துக்கானவை; எந்தக் கரையையும் அளந்து பெற்றவை அல்ல.

கேள்வி: சேற்றில் நஞ்சு கூடினால் மீனிலும் கூடத்தானே செய்யும்? சேற்றைச் சோதித்து ஓர் எண்ணைத் தந்துவிட்டால், அந்தக் கரையிற் பிடித்த மீனை விற்கலாமா கூடாதா என்று அதை வைத்தே சொல்ல முடியாதா ஐயா? (மீன் வியாபாரி, குருநகர்)

பதில்: ஒரே இடத்தை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. அங்கே சேற்றில் இருப்பது இரு மடங்கானால், மீனில் இருப்பதும் காலப்போக்கில் ஏறக்குறைய இரு மடங்காகும். இரண்டு இடங்களை ஒப்பிடும்போதுதான் கணக்குப் பிழைக்கிறது.

காரணத்தை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு போத்தலில் பாதி நீரும் கொஞ்சம் நல்லெண்ணெயும் ஊற்றி, ஒரு சிட்டிகை மஞ்சள் தூள் போட்டுக் குலுக்கி வையுங்கள். எண்ணெய் மேலே வந்து நிற்கும்போது மஞ்சள் நிறத்தின் பெரும்பகுதி அதனோடு போயிருக்கும். பழைய மின்மாற்றி எண்ணெய்களில் இருந்த பி.சி.பி. என்னும் சேர்வைகளும், மலேரியாவைத் தடுக்க எங்கள் பெற்றோர் காலத்தில் வீட்டுச் சுவர்களில் அடித்த டி.டி.டி.யும் இவ்விடயத்தில் மஞ்சளை எத்தனையோ மடங்கு மிஞ்சியவை. ஆய்வுகூடத்தில் நல்லெண்ணெய்க்குப் பதிலாக ஒக்டனோல் என்ற திரவத்தை வைத்து இதை அளப்பார்கள், டி.டி.டி. நீரில் ஒரு பங்கு நின்றால் ஒக்டனோலில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பங்கு போய் நிற்கும். இலங்கையில் மலேரியாத் தடுப்பு 1977இல் டி.டி.டி.யை விட்டு மலத்தியன் என்ற வேறு பூச்சிகொல்லிக்கு மாறியது. ஆனால் டி.டி.டி. சிதைந்து வரும் டி.டி.ஈ. என்ற எச்சம், ஒட்சிசன் புகாத சேற்றில் பல பத்தாண்டுகள் கிடக்கக்கூடியது.

இப்படி நீரை வெறுக்கும் பொருள் சேற்றிற் போய் எதைப் பிடித்துக்கொள்ளும்? மணலையும் சிப்பித் துகளையும் அல்ல. மக்கிய சாதாழை (கடற்புல்), இலை, பாசி ஆகியவற்றால் ஆன சேதனப் பொருளைத்தான் பிடித்துக்கொள்ளும். மீனின் உடலில் அது கொழுப்பிற் போய்த் தங்கும். எனவே சேற்றின் சேதனக் காபனும் மீனின் கொழுப்பும் அந்த நஞ்சுக்காக ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் நடுவே நிற்கும் நீர் வெறும் தரகர்தான். அதன் கையில் எப்போதும் மிகச் சிறிய அளவே இருக்கும்.

இதனாற்றான் சேற்றின் எண்ணைச் சேதனக் காபனின் பங்காலும், மீனின் எண்ணைக் கொழுப்பின் பங்காலும் வகுத்துவிட்டுப் பிறகு ஒப்பிடுகிறார்கள். அப்படி வகுத்துப் பெறும் விகிதத்துக்கு உயிரி–அடையல் திரள்வுக் காரணி என்று பெயர். மீனால் சிதைக்க முடியாத ஒரு பொருள், எல்லாப் பக்கமும் சமநிலைக்கு வந்துவிட்டால், இந்த விகிதம் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் நிற்கும் என்பது கோட்பாடு, 1.7 என்ற எண்ணைப் பலர் எடுத்துக்கொள்வார்கள்.

இனி உங்கள் வியாபாரத்துக்கு வருவோம். முதலாவது கரையில், சாதாழை மக்கிக் கறுத்து நாறும் சேறு. ஒரு கிலோ உலர்ந்த சேற்றில் 40 மைக்ரோகிராம் பி.சி.பி.; சேதனக் காபன் 4 சதவீதம். இரண்டாவது கரையில், பார்வைக்கு வெண்மையான துப்புரவான மணற்சேறு. அதில் 20 மைக்ரோகிராம் மட்டுமே. சேதனக் காபன் அரைச் சதவீதம். காபனால் வகுத்தால் முதலாவது 1,000, இரண்டாவது 4,000. இரண்டு கரையிலும் 3 சதவீதக் கொழுப்புள்ள ஒரே இன மீன் வளர்ந்தால், முதற் கரை மீனில் கிலோவுக்கு 51 மைக்ரோகிராமும் இரண்டாங் கரை மீனில் 204 மைக்ரோகிராமும் எதிர்பார்க்க வேண்டும். சேற்றிற் பாதி, மீனில் நான்கு மடங்கு.

மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோகும் அந்தக் கறுத்த சேறு நஞ்சை இறுகப் பிடித்து வைத்திருக்கிறது. வெண்மணலுக்குப் பிடித்து வைக்கக் கை இல்லை. புகைக்கரியும் அடுப்புக்கரியும் கலந்த சேறு சாதாரண மக்கலைவிடப் பல மடங்கு இறுக்கமாகப் பிடிக்கும். அதனால் மாசடைந்த சில துறைமுகங்களிற் சேற்றின் மேல் உயிர்ப்பூட்டிய கரித்தூளைப் பரப்பி, நஞ்சை அள்ளாமலே மீனுக்குப் போகும் வழியைக் குறைத்திருக்கிறார்கள்.

கேள்வி: "மாதிரியுரு" என்று எழுதியிருந்தீர்கள். மேலே சொன்ன விகிதமே மாதிரியுருவா, அல்லது அதற்கு மேல் ஏதாவது உண்டா? சமன்பாடு இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். (கணித ஆசிரியர், கோண்டாவில்)

பதில்: மாதிரியுரு என்றால் இயற்கையில் நடப்பதைக் கணக்காக எழுதிப் பார்ப்பது. அந்த வகையில் விகிதமும் ஒரு மாதிரியுருதான். ஆனால் அது முடிவை மட்டும் சொல்லும், வழியைச் சொல்லாது. எந்த மீன், எத்தனை நாளில், எதைத் தின்று அந்த அளவுக்கு வந்தது என்று அறிய வேண்டுமானால் வரவு செலவு எழுத வேண்டும்.

வரவு இரண்டு. ஒன்று செவுள் வழியாக. எங்கள் பக்கத்திற் சந்தையில் மீன் வாங்கும்போது தூக்கிச் சிவப்பாக இருக்கிறதா என்று பார்க்கும் அந்தப் "பூ" வழியாக நீரிலிருந்து வருவது. மற்றது உணவு வழியாக வருவது. செலவு நான்கு: செவுள் வழியே திரும்ப நீருக்குப் போவது, மலத்தோடு போவது, ஈரல் சிதைப்பது, வளர்ச்சியால் ஐதாவது. கடைசியிற் சொன்னது உண்மையான செலவல்ல; கூழுக்குத் தண்ணீர் விட்டால் உப்புக் குறைவதுபோல, உடல் பெருக்க அதே நஞ்சு கூடிய இறைச்சியிற் பரவிவிடுகிறது. மீனின் செறிவு ஒரு நாளில் மாறும் அளவு, இந்த இரண்டு வரவின் கூட்டுத்தொகையிலிருந்து நான்கு செலவையும் கழித்தால் வருவது. சமன்பாடு அவ்வளவுதான்.

நீங்கள் மாணவருக்கு இதை விளக்குவதானால், அடியில் ஓட்டை உள்ள வாளியைக் குழாயின் கீழ் வைத்துக் காட்டலாம். வரும் நீரின் வேகம் மாறாது. ஆனால் மட்டம் உயர உயர ஓட்டையால் ஒழுகும் வேகம் கூடும். இரண்டும் ஒத்துப்போகும் இடத்தில் மட்டம் நின்றுவிடும். மீனிலும் செலவு ஒவ்வொன்றும் அப்போதைக்குள்ள செறிவோடு சேர்ந்தே கூடுகிறது. ஆகவே அங்கும் ஒரு மட்டம் உண்டு.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். ஒரு மீன் நாளொன்றுக்குத் தன் எடையில் 2 சதவீதம் தின்கிறது. தின்னும் புழுவில் கிலோவுக்கு 50 மைக்ரோகிராம் நஞ்சு. அதிற் பாதி உடலிற் சேர்கிறது. அப்படியானால் நாள் வரவு மீன் கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம், செவுள் வழி வரவை எளிமைக்காக விட்டுவிடுவோம். செலவு வீதங்கள் நாளொன்றுக்கு: செவுள் 0.002, மலம் 0.001, வளர்ச்சி 0.002, ஈரல் இதைத் தொடுவதில்லை. மொத்தம் 0.005. வரவைச் செலவு வீதத்தால் வகுத்தால் மட்டம் 100 மைக்ரோகிராம். தின்ற உணவைப்போல் இரு மடங்கு.

அந்த மட்டத்தின் பாதியை எட்ட 139 நாள் வேண்டும். 95 சதவீதத்தை எட்ட ஏறக்குறைய 600 நாள். ஆறு மாதக் குஞ்சைப் பிடித்துச் சோதித்தால் 59 மைக்ரோகிராம்தான் காட்டும். ஒரு வயது மீன் 84 காட்டும். ஒரே கரை, ஒரே இனம், ஒரே சேறு, இரண்டு வேறு எண்கள். ஆய்வறிக்கைகளில் மீனின் நீளத்தைக் குறிக்காமல் செறிவை மட்டும் அச்சிட்டிருப்பதைக் காணும்போது எனக்கு எரிச்சல் வருவது இதனாற்றான்.

இன்னொரு கேள்வியை நீங்களே எழுப்பியிருப்பீர்கள்: கொழுப்பை நாடும் பொருள் சமநிலைக்கு வந்தால் நின்றுவிட வேண்டாமா, உணவைவிட மீனில் ஏன் கூடுகிறது? விடை குடலில் இருக்கிறது. கருப்பணியைக் காய்ச்சும்போது நீர் போகப் போக இனிப்பு இறுகிப் பனங்கட்டி ஆவதுபோல, குடலில் உணவு சீரணித்துக் கொழுப்பு உறிஞ்சப்பட்டுக் கன அளவு சுருங்கும்போது, சீரணிக்க முடியாத நஞ்சு மிஞ்சிய சக்கையில் நெருக்கப்படுகிறது. அந்த நெருக்கம் அதை உடலுக்குள் தள்ளுகிறது. உணவுச் சங்கிலியில் ஒவ்வொரு படியிலும் இதே காய்ச்சல் நடக்கிறது.

கேள்வி: எங்கள் வீட்டிற் கிழமைக்கு நான்கு நாள் மீன். ஓரா, திரளி, கெளிறு, நண்டு எல்லாம் வாங்குவோம். எதிற் கூடச் சேரும்? தோலை உரித்துச் சமைத்தாற் போய்விடுமா? (இல்லத்தரசி, பாசையூர்)

பதில்: அம்மா, நீங்கள் எழுதிய நான்கும் சேற்றோடு நான்கு விதமான உறவு வைத்திருப்பவை, அதனால் உங்கள் பட்டியல் பாடப்புத்தகத்துக்கே ஏற்றது.

ஓரா பாசியும் சாதாழையும் மேய்வது. சங்கிலியில் அடிப்படி, சேற்றையும் அதிகம் தொடாது. கெளிறு அடியைத் துழாவிப் புழு, இறால், சிறு நண்டு என்று தின்பது. சேற்றின் நஞ்சு புழு வழியாக இதற்கு நேரே வரும். திரளி, மணலை போன்ற மடவை இனங்களைப் பற்றித்தான் பலர் பிழையாக நினைக்கிறார்கள். அவை வேட்டை மீன் அல்ல என்பதால் படியிற் கீழே வைத்துவிடுவார்கள். ஆனால் அவை சேற்றின் மேற்படையையே வாயால் அள்ளி, அதிலுள்ள நுண்பாசியையும் மக்கலையும் அரைத்துத் தின்பவை. திரளியை வெட்டும்போது குடலிற் கறுத்த சேறு வருவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். படியிற் கீழே இருந்தாலும் சேற்றுக்கு இவ்வளவு பக்கத்தில் வேறு மீன் இல்லை. ஆகவே மாதிரியுருவில் திரளிக்கு உணவுப் பகுதியில் "சேறு" என்றே தனி வரி எழுத வேண்டும்.

நண்டின் கதை வேறு. சதையிற் கொழுப்புக் குறைவு. ஆனால் ஓட்டைத் திறந்தவுடன் தெரியும் மஞ்சட் பகுதி அதன் ஈரலும் கணையமும் சேர்ந்த உறுப்பு. கொழுப்பில் தங்கும் நஞ்சும் கட்மியம் என்ற உலோகமும் சேரும் இடம் அதுவே. நண்டுக் கறிக்கு முருங்கையிலை போடுவதோடு, மாசடைந்த கரை என்று தெரிந்தால் அந்த மஞ்சளை எடுத்துவிடுவதும் நல்லது. ருசி போகும் என்று சொல்வீர்கள், உண்மைதான்.

தோலைப் பற்றிய கேள்விக்கு இரண்டு பதில் உண்டு. பி.சி.பி., டி.டி.டி. போன்றவை கொழுப்பில் இருப்பதால், தோல், வயிற்றுக் கொழுப்பு, தலை ஆகியவற்றை நீக்கிச் சுட்டாலோ பொரித்தாலோ குறையும். வடியும் எண்ணெயை மீண்டும் பயன்படுத்தக் கூடாது. ஆனால் ஒடியற் கூழில் எதுவும் வெளியே போகாது. தலையும் நண்டும் சின்ன மீனும் ஒரே பானையிற் கொதித்து, இறங்கிய கொழுப்பு முழுவதும் பிளாவில் (பனையோலைக் கிண்ணத்தில்) வந்துவிடும்.

மெதையில் இரசம் என்னும் பாதரசச் சேர்வை இந்த விதிக்குக் கட்டுப்படாது. ஒட்சிசன் இல்லாத சேற்றில் வாழும் பற்றீரியாக்கள் சாதாரண இரசத்தை (பாதரசத்தை) மெதையில் இரசமாக மாற்றுகின்றன. அது கொழுப்பில் அல்ல, தசைப் புரதத்தோடு பிணைகிறது. எனவே தோலை உரித்தும் பயனில்லை, பொரித்தும் பயனில்லை. பொரிக்கும்போது நீர் வற்றுவதால் கிராம் கணக்கில் சற்றுக் கூடவே காட்டும். இதற்கு வழி இனத்தையும் பருமனையும் பார்த்து வாங்குவதுதான். சூடை, காரல், ஓரா போன்றவற்றிற் குறைவு. சுறா, பெரிய அறக்குளா போன்ற வேட்டை மீன்களிற் கூட. உலக உணவு, சுகாதார அமைப்புகளின் கூட்டு நிபுணர் குழு 2003இல் வகுத்த அளவு, உடல் எடை கிலோ ஒன்றுக்கு வாரம் 1.6 மைக்ரோகிராம் மெதையில் இரசம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது 96 மைக்ரோகிராம். கிலோவுக்கு 0.05 மில்லிகிராம் உள்ள சிறு மீனானால் வாரம் கிட்டத்தட்ட 1.9 கிலோ தின்றாலும் எல்லைக்குள் இருக்கலாம், 0.5 மில்லிகிராம் உள்ள வேட்டை மீனானால் 190 கிராமோடு நிறுத்த வேண்டும். கருவுற்ற பெண்கள் வீட்டில் இருந்தால் இந்தக் கணக்கைக் கூடிய கவனத்தோடு பாருங்கள். சிசுவின் மூளைதான் முதலிற் பாதிக்கப்படுவது.

ஈயம் சங்கிலியில் மேலே போகப் போகக் கூடுவதில்லை. அதற்கு மட்டியும் சிப்பியுமே கவனிக்க வேண்டியவை.

கேள்வி: எங்கள் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த நாட்களை மறக்க முடியாது. அதேபோல் எண்ணெய்க் கழிவு கடலடிச் சேற்றிற் சேர்ந்தால் மீன் முழுவதும் எண்ணெயாகிவிடாதா? (வாசகர், சுன்னாகம்)

பதில்: கிணற்று நீரை நேரே குடிக்கிறோம், அங்கே இடையில் எந்த உயிரும் இல்லை. மீன் விடயத்தில் இடையில் ஓர் ஈரல் இருக்கிறது. எண்ணெய்க் கழிவில் அஞ்ச வேண்டிய பகுதி, பல வளையங்கள் ஒட்டிய அரோமற்றிக்கு ஐதரோகாபன்கள். மீனின் ஈரல் இவற்றை விரைவாகச் சிதைத்துப் பித்தத்தோடு வெளியேற்றிவிடும். கோண்டாவில் ஆசிரியருக்கு எழுதிய கணக்கை எடுத்து, ஈரலின் செலவு வீதத்தை மட்டும் நாளுக்கு 0.1 என்று போடுங்கள். 100 மைக்ரோகிராமில் நின்ற மட்டம் 5க்கும் கீழே இறங்கிவிடும். மட்டிக்கும் சிப்பிக்கும் அப்படி வேலை செய்யும் ஈரல் இல்லாததால் அவற்றில் இவை சேரும். எண்ணெய் மாசைத் தேடுவோர் மீன் சதையைச் சோதித்து "ஒன்றும் இல்லை" என்று எழுதுவது, கள்வன் போன பிறகு அறையைப் பூட்டுவது போன்றது. மீனானால் பித்தத்தைப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் சிப்பியைப் பார்க்க வேண்டும்.

தின்பவருக்குக் குறைவு என்பதால் மீனுக்குத் தீங்கில்லை என்று ஆகாது. சிதைக்கும்போது உண்டாகும் இடைப் பொருள்கள் மீனின் மரபணுவோடு ஒட்டிக்கொள்ளும். அமெரிக்காவின் ஓகாயோ மாநிலத்துப் பிளாக் ஆற்றில், கற்கரி சுடும் ஆலையொன்றின் கழிவு படிந்த சேற்றில் வாழ்ந்த ஒருவகைக் கெளிறுகளின் ஈரலிற் புற்றுநோய் மிகுந்திருந்தது. 1983இல் ஆலை மூடப்பட்ட பின் அது குறைந்தது.

கேள்வி: இங்கே ஒன்ராறியோ ஏரியிற் கோடையில் தூண்டில் போடுகிறோம். அரசாங்கம் எந்த மீனை எவ்வளவு தின்னலாம் என்று அட்டவணை தருகிறது. கணினிக் கணக்கை நம்பித்தானா இந்த அட்டவணை? (ஸ்காபரோவிலிருந்து ஓர் யாழ்ப்பாணத்தவர்)

பதில்: அட்டவணை மீனைப் பிடித்து அளந்து எழுதப்படுவது. அதில் ஒவ்வோர் இனத்துக்கும் நீளத்தின்படி தனித்தனி அளவு இருப்பதைக் கவனியுங்கள். ஆறு மாதக் குஞ்சுக்கும் ஒரு வயது மீனுக்கும் நான் மேலே காட்டிய வேறுபாடு அங்கே நடைமுறையில் இருக்கிறது. அளவீடு இன்று இருப்பதைச் சொல்லும். பத்து ஆண்டு கழித்து என்ன ஆகும், சேற்றை அகற்றினால் எவ்வளவு குறையும் என்பவற்றுக்கே கணக்கு வேண்டும்.

நீங்கள் தூண்டில் போடும் ஏரி இந்தத் துறையில் ஒரு தாய்வீடு. கனடாவின் பிராங்க் கோபாஸ் 1993இல் வெளியிட்ட உணவுச் சங்கிலி மாதிரியுரு ஒன்ராறியோ ஏரியை வைத்தே சரிபார்க்கப்பட்டது. 2004இல் அவரும் ஜோன் ஆர்நோட்டும் அதைத் திருத்தி விரித்தார்கள். பி.சி.பி. உற்பத்தியையும் புதிய பயன்பாட்டையும் வட அமெரிக்காவில் 1970களில் தடுத்ததும் ஏரி நீர் முதலில் தெளிந்தது. சேறு தெளியவில்லை. பழைய கடனை வட்டியோடு திருப்பிக் கொடுப்பதுபோல், சேறு அடியில் வாழும் சிற்றுயிர்கள் வழியாக மீனுக்கு நஞ்சை விட்டுக்கொண்டிருந்தது. நீரை மட்டும் அளந்திருந்தால் மீனில் இருந்ததற்குக் காரணம் விளங்கியிராது.

இத்தகைய கணக்கு அளந்த மதிப்பின் இரண்டு அல்லது மூன்று மடங்கு எல்லைக்குள் வந்தாலே நல்ல கணக்கு என்பார்கள். பொறியியலாளர் சிரிக்கலாம், ஆனால் ஒன்றுக்கும் ஆயிரத்துக்கும் இடையில் எங்கேயோ என்று இருட்டில் நிற்பதைவிட அது எவ்வளவோ மேல்.

கேள்வி: உயர்தர செயற்றிட்டத்துக்காகக் கடல்நீரேரியிற் சேறும் மீனும் எடுத்துப் பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஒன்றிற் கொடுக்க எண்ணியிருக்கிறேன். என்னென்ன கவனிக்க வேண்டும்? (மாணவி, சண்டிலிப்பாய்)

பதில்: மகளே, நஞ்சின் அளவைப் பற்றி ஆய்வுகூடம் கவலைப்படும், நீ காபனைப் பற்றிக் கவலைப்படு. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. எங்கள் சேற்றைக் கையில் எடுத்து விரலால் நசுக்கினால் சிப்பித் துகள் நறநறவென்று படும். அதன்மேல் இரண்டு சொட்டு ஐதான ஐதரோகுளோரிக்கமிலம் விட்டுப் பார், நுரைத்துப் பொங்கும். அந்த நுரை சுண்ணாம்பிலிருந்து வரும் காபனீரொட்சைட்டு. நஞ்சைப் பிடித்து வைக்கும் சேதனக் காபன் அது அல்ல.

மிக உயர்ந்த வெப்பநிலையில் எரித்து மொத்தக் காபனை அளக்கும் கருவி இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடும். உண்மையிற் சேதனக் காபன் 1 சதவீதமாக இருக்க, சுண்ணாம்பும் சேர்ந்து 5 சதவீதம் என்று வந்தால், குருநகர்க் கணக்கில் மீனின் அளவு ஐந்தில் ஒன்றாகக் குறைந்துவிடும்; ஆபத்தான கரை பத்திரமான கரையாகத் தெரியும். வேறு நாட்டுக் களிமண் சேற்றிற் சிறு பிழையாகப் போகக்கூடிய இது, எங்கள் ஊரிற் பெரும் பிழை. எனவே முதலில் அமிலம் விட்டுச் சுண்ணாம்பைப் போக்கிவிட்டு அளக்கச் சொல். அல்லது 550 பாகை செல்சியசில் எரித்து எடை இழப்பைப் பார்க்கும் முறையானால், சுண்ணாம்பு அந்த வெப்பத்திற் பெரும்பாலும் சிதையாது.

மற்றவை சுருக்கமாக. சேற்றின் மேல் 5 முதல் 10 சென்ரிமீற்றரை மட்டும் எடு. புழுவும் நண்டும் வாழ்வது அங்கேதான். எண் ஈரச் சேற்றுக்கா உலர்ந்த சேற்றுக்கா என்று ஒவ்வொரு முறையும் எழுது. மீனின் நீளம், எடை, கொழுப்புச் சதவீதம் மூன்றும் வேண்டும். சிறகுவலையிலோ களங்கட்டியிலோ பட்ட மீன் அந்த இடத்திலேயே வளர்ந்தது என்று எண்ணிவிடாதே. வலை கட்டியவரிடம் அந்த இனம் எந்த மாதத்தில் எந்தப் பக்கத்திலிருந்து ஏறி வரும் என்று கேட்டுக் குறித்துக்கொள். அவர் சொல்வது உன் கணக்கில் இரண்டு வரிகளைத் திருத்தும்.

கேள்வி: படகு போகும் வாய்க்காலைத் தோண்டி ஆழமாக்கினால் நஞ்செல்லாம் கிளம்பி மீனிற் சேரும் என்கிறார்கள். தோண்டுவதா, விடுவதா? (கடற்றொழிலாளர், நாவாந்துறை)

பதில்: பரவைக்கடலிற் பல இடங்களில் இடுப்பளவு நீர்தான் என்பது உங்களுக்குத் தெரியும். சோளகம் எழுந்தால் தோண்டாமலே சேறு கலங்கும் கடல் அது. ஆயினும் காற்றுக் கலக்குவது மேற்படையை. இயந்திரம் கலக்குவது பல ஆண்டுகளாகப் புதைந்து கிடந்த அடிப்படையை. அங்கே உலோகங்கள் சல்பைட்டாகக் கட்டுண்டு கிடக்கும். ஒட்சிசன் பட்டால் அந்தக் கட்டு அவிழும்.

நியூயோர்க் மாநிலத்து ஹட்சன் ஆற்றில் 1947 முதல் 1977 வரை இரண்டு தொழிற்சாலைகளிலிருந்து பி.சி.பி. கலந்தது. 2009இல் தொடங்கி 2015இல் முடித்து, ஏறக்குறைய 21 இலட்சம் கன மீற்றர் சேற்றை அள்ளினார்கள். அள்ளிய காலத்தில் அண்மையிலிருந்த மீன்களில் அளவு கூடி, பிறகு இறங்கியது. இப்படி ஏறி இறங்கும் என்று கணக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தது. எவ்வளவு விரைவாக இறங்கும் என்பதிற்றான் இன்னும் வாதம் நடக்கிறது.

யப்பானின் மினமாட்டா விரிகுடாவில் கிலோவுக்கு 25 மில்லிகிராமுக்கு மேல் இரசம் உள்ள சேற்றை 1977க்கும் 1990க்கும் இடையில் அகற்றினார்கள். அந்த 25 எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்குப் பிடிக்கும். அதைத் தந்த சூத்திரத்தில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான உயரம், சேற்றிலிருந்து இரசம் நீருக்குக் கசியும் வேகம், ஒரு பாதுகாப்புக் காரணி ஆகிய மூன்றும் இருந்தன. நீர் ஏறி இறங்கும் உயரம் கூடினாற் கழுவுதல் கூடும், எல்லையைச் சற்றுத் தளர்த்தலாம். குறைந்தால் எல்லையும் இறங்க வேண்டும். எங்கள் கடலில் அந்த உயரம் ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆகவே வேறு நாட்டு எல்லையை அப்படியே தூக்கிவந்து வைக்க முடியாது.

உங்கள் கேள்விக்கு என் பதில்: முதலில் ஆழவாரியாகச் சேற்றைத் துண்டு துண்டாக எடுத்துச் சோதிக்க வேண்டும். மேலே துப்புரவான புதுச் சேறும் கீழே பழைய நஞ்சும் இருந்தால் வாய்க்காலின் அகலத்தைக் குறைத்துக்கொள்வதும், திரளியும் இறாலும் குஞ்சாக ஏறும் மாதங்களைத் தவிர்ப்பதும் நியாயம். நஞ்சு மேற்படையிலேயே இருந்தால், மூடிய வாளியால் அள்ளிக் கரையிற் பத்திரமாக வைப்பது நீண்ட காலத்துக்கு நன்மை தரும்.

கேள்வி: கருவாட்டில் எல்லாம் மூன்று மடங்கு என்கிறார்களே, உண்மையா? (வாசகி, நெல்லியடி)

பதில்: பச்சை மீனில் முக்கால் பங்குக்கு மேல் நீர். மீனின் எடை மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வரும்வரை காயவைத்தால் ஒரு கிலோ மீன் ஏறக்குறைய 350 கிராமாகிறது. நஞ்சு ஆவியாகாது என்பதால் கிலோக் கணக்கில் இரண்டரை முதல் மூன்று மடங்கு என்று வரும். உப்பின் எடை சேர்ந்தால் சற்றுக் குறையும். ஆனால் பச்சை மீன் இருநூறு கிராம் தின்னும் இடத்திற் கருவாடு எழுபது கிராமோடு சோறு முடிந்துவிடும். வாயிற் போவது அதேதான்.